வெலிமடைப் பன்றியும் உன் கயோட்டியும்

ஹப்புத்தளை,
மார்கழி 12

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. இங்கே விடாத மழை. போட்ட உடுப்பு காயவே மாட்டேன் என்கிறது. தங்கச்சி மகள் பிள்ளைப்பேறுக்கு வந்திருக்கிறாள். மற்றபடி எல்லாரும் சுகம்.

நீ கனடாவில், மனிட்டோபாப் பனியில் துவக்கோடு இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தாய் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் ஐந்து நிமிடம் சும்மா இருந்தவனா நீ!

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முயலுக்கு வாங்கிய .22 துவக்கு, நரி மாதிரியான அந்தக் கயோட்டிக்கும் போதாதா, .223 துவக்கும் வேண்டுமா என்கிறாய். நீ எழுதியனுப்பிய கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், விஞ்ஞானம் படிப்பித்த பழக்கம். .22க்கும் .223க்கும் குண்டின் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான். எடைகூட 2.6 கிராம், 3.6 கிராம் என்றுதான் வருகிறது. ஆனால் பெரியதான .223 நொடிக்கு 980 மீட்டர் அளவில் போகிறது, சின்னதான .22 வெறும் 380. வேகம் இரண்டரை மடங்கு, அதன் வர்க்கத்தை எடையோடு பெருக்கினால் அடி ஒன்பது மடங்குக்குக் கிட்ட. முயலுக்குப் பெரியதை எடுத்தால் சட்டிக்கு மயிர்தான் மிஞ்சும். கயோட்டிக்குச் சின்னதை எடுத்தால் அது காயத்தோடு ஓடி, எங்கேயோ கிடந்து சாகும். இரண்டு துவக்கு வைத்துக்கொள், அவ்வளவுதான்.

ஆனால் குண்டு எங்கே படுகிறது என்பதுதான் பெரிய விஷயம். அதைக் கற்றது வெலிமடையில், மாமாவின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில். அவரிடம் லைசன்ஸ் போட்ட பன்னிரண்டு போர் துவக்கு இருந்தது, பன்றிக்கு எஸ்.ஜி. என்கிற பெரிய ஈயக்குண்டுத் தோட்டா. மூன்று இரவு பரணில் இருந்தோம். மூன்றாம் இரவு நிலவில் ஒரு பெரிய பன்றி வந்து இருபது கெஜ தூரத்தில் கிழங்கைக் கிண்டியது, பின்புறம் எங்கள் பக்கம். மாமா சுடவில்லை. அது பக்கவாட்டில் திரும்பும் என்று காத்திருந்தார். மூடுபனி இறங்கியது, பன்றி போய்விட்டது. அவர் பீடியைப் பற்றவைத்து, "நாளைக்கும் பசிக்கும்டா அதுக்கு" என்றார்.

அடுத்த கிழமை துவக்கு என் கையில். பொறுக்கவில்லை, சாய்வாக நின்றதைச் சுட்டேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் மானாப்புல்லில் கறுத்த இரத்தம், பச்சையாய் ஏதோ கலந்திருந்தது. மாமா விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, "குடல்" என்றார். நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பாய் நுரைத்திருக்குமாம். பகல் முழுக்கத் தேடி, மாலையில் ஓடைக்கரையில் கண்டோம், இன்னும் மூச்சு இருந்தது. அன்றைக்கு மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டியதைவிட மோசம்.

நீ குண்டு வைக்க வேண்டிய இடம் முன்காலுக்குச் சற்றுப் பின்னால். அது திரும்பும்வரை பொறு. காற்று உன் முகத்தில் அடிக்கும்படி உட்கார். கயோட்டி காற்றுக்குக் கீழே சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும் என்கிறாயே, அந்தப் பக்கத்தையும் பார்த்துக்கொள்.

இந்த ஊவா மாகாணத்திலேதான் மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரன் ஆயிரத்து நானூறுக்கு மேல் யானை சுட்டான் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தான். அதில் நீதி ஒன்றும் தேடாதே, மழைக்காலத்தில் இங்கே யாருக்கும் விழும்.

எனக்கு ஆத்திரம் வருவது சுருக்குக் கம்பிகளால். பன்றிக்கென்று தேயிலைக்குள் பிரேக் கேபிளைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணி என்ற ஊரில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படிச் சிக்கி, காப்பாற்ற முடியாமல் சில நாளில் செத்தது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியுமா? கட்டியவன் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். என் குடல் குண்டுக்காவது நான் ஒரு நாள் நடந்தேன்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்து எல்லையில் இரண்டு சுருக்கு கண்டு கழற்றிவந்தேன். இப்போது உடுப்புக் கொடி அதுதான். ஈரத் துணியெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

அப்புறம், அந்த முயலை எப்படிக் கறி வைத்தாய் என்று எழுதவே இல்லையே? மிளகு தூக்கலாகப் போட்டாயா? தூள் முடிந்திருந்தால் சொல், தை மாதம் மருமகன் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்து அனுப்புகிறேன்.

உன் பழைய கூட்டாளி