பழைய வில்லுக்குப் புது நாண் வேண்டாம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க வில் தயாரிப்பாளரான 'பேர்' (Bear) நிறுவனத்தின் பழைய ரீகர்வ் வில்லில் (முனைகள் எதிர்ப்புறம் வளைந்த வில்) 'கனடா 1953' என்று இருப்பதைக் கண்டு, அதுதான் தயாரித்த ஆண்டு என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது காப்புரிமை ஆண்டு. 1960-களில் செய்த வில்களிலும் அதே எழுத்துதான்.

ஆண்டை விடுங்கள், கரங்களை, அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளைப் பாருங்கள். நாணேற்றிய வில்லை நீளவாக்கில் நோக்கினால் இரு முனையிலும் நாண் நடுவே ஓட வேண்டும். கரத்தின் மேல் பஞ்சை லேசாக இழுங்கள். கண்ணாடியிழையில் சிலும்பு இருந்தால் சிக்கும். குறுக்கே வெடிப்பு ஓடினால் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

நாண், சற்று நீண்டு கொடுக்கும் பாலியெஸ்டர் இழையான டேக்ரானாகவே இருக்கட்டும். இன்றைய நீளாத நாண், விடும் அதிர்ச்சியை வலுவூட்டாத பழைய முனைகளில் அப்படியே இறக்கும். நாண் உட்காரும் பள்ளம் பிளந்துவிடும். 60 அங்குல வில்லுக்கு நாண் சுமார் 56 அங்குலம். காலிடையில் விட்டு வளைத்து ஏற்றினால் கரம் முறுக்கிக்கொள்ளும். ஏற்றுவதற்கென்றே உள்ள கயிறு நல்லது. அம்பில்லாமல் இழுத்து விடவே கூடாது, ஒரு முறைகூட. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் அடுக்குகளின் பசை விட்டுப்போகும்.

– வில்வித்தை ஆர்வலர்