இன்லே கிட்டின் பித்தளைக் காலர் அளவு குறைவு: மாற்றித் தரக் கோரி புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ரூட்டர் இன்லே கிட்டைப் (ரூட்டர் என்ற மரம் குடையும் மின்கருவியால் பலகையில் குழி எடுத்து, அதில் வேறு மரத் துண்டைப் பதிப்பதற்கான தொகுப்பு) பற்றி, பதித்த துண்டைச் சுற்றி இடைவெளி விழுகிறது என்று ஏற்கெனவே போனில் புகார் சொன்னேன். "கை ஆடியிருக்கும், பழகினால் சரியாகிவிடும். அதுவரை மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. கோளாறு காலரில், அதாவது கைடு புஷ்ஷின் மேல் மாட்டும் பித்தளை வளையத்தில் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த கிட் வேலை செய்வதே ஒரு அளவை நம்பித்தான். மரத்தை வெட்டும் பிட்டின் விட்டம் 1/8 அங்குலம், பட்டறைப் பேச்சில் ஒரு நூல், அதாவது 3.175 மி.மீ. காலரின் தடிமனும் அதே ஒரு நூல் இருக்க வேண்டும். பிட்டைச் சுற்றி நின்று டெம்ப்ளேட் (வடிவம் வெட்டிய அச்சுத் தகடு) ஓரத்தை உரசி ஓடும் குழாயான கைடு புஷ்ஷின் வெளிவிட்டம் 5/16 அங்குலம். காலரை மாட்டினால் 9/16. காலரோடு ஓட்டிக் குழி எடுக்கிறோம். அப்புறம் காலரைக் கழற்றிவிட்டு, அதே டெம்ப்ளேட்டில் பதிக்கும் துண்டை வெட்டுகிறோம். இரண்டு வெட்டும் டெம்ப்ளேட் ஓரத்திலிருந்து 7/32 அங்குலத்தில் வந்து நிற்கும். அப்போதுதான் துண்டு குழியில் பிசகாமல் உட்காரும்.

நீங்கள் அனுப்பிய காலரின் தடிமன் வெர்னியர் அளவுகோலில் 2.9 மி.மீ. எந்தப் பக்கம் அளந்தாலும் அதேதான். பிட்டிலும் புஷ்ஷிலும் குறையில்லை. காலர் மெலிந்திருப்பதால் பிட் டெம்ப்ளேட் ஓரத்தை அதிகமாக நெருங்கி, குழி சுற்றிலும் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெரிதாகிவிடுகிறது.

தேக்குத் துண்டுப் பலகையில் ஈட்டி மர வட்டத்தைப் பதித்துப் பார்த்தேன். வட்டத்தை நடுவில் நிறுத்தினால் எல்லாப் பக்கமும் இரண்டு தாள் சேர்ந்து நுழையும் அளவுக்கு இடைவெளி. கை ஆடினால் இப்படி வராது. குழி எடுக்கும்போது காலர் ஓரத்தை விட்டு விலகினால் பிட் உள்பக்கம்தான் போகும். அது எப்படியும் எடுக்க வேண்டிய மரம், குழி பெரிதாகாது. துண்டை வெட்டும்போது விலகினால் துண்டின் ஓரத்தில் ஓர் இடத்தில் கடி விழும். என் துண்டில் கடியே இல்லை. சுற்றிலும் ஒரே சீராக இடைவெளி விழுந்தால் அது அளவுப் பிழை. உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

இந்த வேலை ஒரு பூஜையறைக் கதவுக்கானது. தூளும் பசையும் வைத்து அடைத்தால் பாலிஷ் ஏறியதும் அந்தக் கோடு தனியாகத் தெரியும். காசு கொடுப்பவரிடம் அப்படி ஒரு கதவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. கிட்டோடு வந்த இலை வடிவ டெம்ப்ளேட்டின் நுனி கூராக இருக்கிறது. சரியான காலராக இருந்தாலும் அதன் ஆரம் சுமார் 7 மி.மீ.; அந்த நுனிக்குள் அது போகவே போகாது. காலர் இல்லாத புஷ் அதைவிட உள்ளே போகும். ஆக, துண்டின் நுனி குழியின் நுனியைவிட நீண்டுவிடும். அந்த நுனியைக் காலரின் ஆரத்துக்குக் குறையாமல் வளைத்துத் தாருங்கள்; குறிப்புத் தாளிலும் அதை எழுதுங்கள்.

வெர்னியர் அளவு தெரியும் படங்களையும் பில் நகலையும் இணைத்திருக்கிறேன். அளந்து சரிபார்த்த காலரை 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் அனுப்புங்கள். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அதே வரிசையில் வந்த மற்ற காலர்களையும் அளந்துவிட்டு விற்பனைக்கு விடுங்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
மரவேலைப் பட்டறை நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்