பாதாளக் கரண்டி

அன்பு மகளுக்கு, அப்பச்சி எழுதிக்கொள்வது. நானும் உன் ஆத்தாளும் இங்கே நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் நீ அனுப்பும் சிரிப்பு வீடியோ வந்தால்தான் எங்களுக்குப் பொழுது முடிந்த மாதிரி. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் ஆத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பார்த்து முடித்ததும் ஒரு சிரிப்புப் பொம்மையை உனக்கு அனுப்பிவிட்டு போனை வைத்துவிடுவேன். அந்த அரை நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டு அப்புறம் நாங்கள் ஒரு மணி நேரம் பேசுவது உனக்குத் தெரியாது. அதில் கொஞ்சத்தையாவது எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முந்தாநாள் ஒன்று அனுப்பினாயே, தண்ணீர் இறைக்கப் போன பையன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு, வெறும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பது. "வேற வாளி வாங்கிக்கலாமே ஐயா" என்று பேரன் போனில் கேட்டான். எனக்கு நம் பின்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும், கிணற்றில் விழுந்ததை எடுக்கிற பாதாளக் கரண்டிதான் ஞாபகம் வந்தது. நீ அதைப் பார்த்திருக்கிறாய், என்னவென்று கேட்டதில்லை. இரும்பு வளையம், அதில் கொத்தாகத் தொங்கும் வளைந்த கொக்கிகள். எல்லா வீட்டிலும் அது இருக்காது. நம் தெருவில் இரண்டு வீட்டில்தான் இருந்தது. கேட்டு வருகிறவர்கள் ஒரு சொம்போ குடமோ வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போவார்கள். கரண்டி திரும்பி வந்தால் பாத்திரமும் திரும்பிப் போகும்.

வாளி விழுந்தால் உடனே கரண்டியை விடக் கூடாது. கலங்கிய தண்ணீர் தெளிய வேண்டும். உச்சி வெயில் நேரே உள்ளே இறங்கும்வரை பொறுத்தால் தரை தெரியும். பொறுக்க முடியாத நாளில் எங்கள் அப்பத்தா முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் திருப்பிவிடுவார்கள். அந்த வெளிச்சம் தண்ணீருக்குள் ஆடிக்கொண்டே இறங்கும். நான் கரண்டியைத் தரை தட்டும்வரை விட்டு, ஒரு சாண் தூக்கி, மெதுவாக வட்டமாகத் துழாவுவேன். கொக்கி எதிலாவது உரசினால் கயிற்றின் வழியே விரலுக்கு வந்துவிடும். மாட்டியதும் வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும். இன்னொன்று, தண்ணீருக்குள் இருக்கும்வரை வாளி லேசாகத்தான் வரும். தண்ணீரை விட்டு வெளியே வரும்போதுதான் கனம் திடீரென்று கூடும். முக்கால்வாசிப் பேர் திரும்பக் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான். அதற்கு முன்பே கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

ஒருதடவை வாளிக்குப் பதிலாக ஒரு பித்தளைச் செம்பு வந்தது. பாசி மூடிக் கறுப்பாக இருந்தது. அப்பத்தா அதை வாங்கி விளிம்பைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார்கள். வெட்டியிருந்த எழுத்து தெரிந்தது. அவர்களுக்குக் கல்யாணத்தில் வைத்த செம்பு, எந்த வருஷம் விழுந்ததோ. அன்றைக்கே புளி போட்டு விளக்கி அதில்தான் மோர் குடித்தார்கள். வாளி மறுநாள்தான் கிடைத்தது.

அந்த வீடியோப் பையனுடைய தப்பு கயிற்றில் இருக்கிறது. நைலான் கயிறு நனைந்தால் முடிச்சு வழுக்கும். கைப்பிடியில் இரண்டு சுற்றாவது சுற்றி முடிந்து, நனைந்த பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தின வாரம் ஒரு நாய் பளபளவென்ற தரையில் ஓடிவந்து நிற்க முடியாமல் சுவர்வரை போய் முட்டியது. உன் ஆத்தா உடனே, "நம்ம மகளும் இப்படித்தான் பட்டுப் பாவாடையோட முகப்பிலேர்ந்து உள்கட்டு வளவு வரைக்கும் சறுக்கிட்டு வந்தா" என்றாள். பட்டாலைத் தரைக்குக் கல் மாற்றியபோது, அந்தக் கல் செய்கிற ஆத்தங்குடிக்கு உன்னைக் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? கண்ணாடிச் சில்லின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, கரண்டியால் சாயத்தை ஊற்றிப் பூப்போட்டார்கள். அதன் மேல் சிமெண்டும் மணலும். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பதுதான். கண்ணாடியில் படுகிற பக்கம்தான் அந்த மினுமினுப்பு. அங்கே உன் வீட்டுக்கு இந்தக் கல் வாங்கிப் போடப் போவதாகச் சொன்னாய். போட்டால் ஆசிட்டை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதே, சிமெண்டை அரித்துவிடும். துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். அப்புறம் நடக்க நடக்க மெருகு ஏறும்.

இதையெல்லாம் வெட்டிப் பொழுது என்று மாப்பிள்ளை நினைக்க வேண்டாம். எங்கள் ஐயா சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் வைத்திருந்தார்கள். ஒரு தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான். பாட்டோடு நகைச்சுவைப் பேச்சுத் தட்டுகளும் உண்டு, வளவே கூடிக் கேட்டுச் சிரிக்கும். நம் காரைக்குடி ஏ.வி.மெய்யப்பன் முதலில் இசைத்தட்டு வியாபாரம்தான் செய்தார். பிறகு காரைக்குடியிலேயே ஸ்டுடியோ வைத்துப் படம் எடுத்து, 1948-இல் கோடம்பாக்கம் போனார். அந்த மூன்று நிமிஷத்துக்கும் இந்த அரை நிமிஷத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர் "எங்க வீட்டிலயும் ஒருநாள்..." என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான். நீயும் பேரனும் பக்கத்தில் இருந்தால் அதை உங்களிடமே சொல்லியிருப்பேன்.

லீவுக்கு வரும்போது பாதாளக் கரண்டியைப் புதுக் கயிற்றில் கட்டி வைக்கிறேன். பேரனே வாளியைப் போட்டு, பேரனே எடுக்கட்டும். நான் கண்ணாடி பிடிக்கிறேன். நீ படம் எடு.

இப்படிக்கு,
அப்பச்சி

பி.கு.: உன் ஆத்தா எழுதச் சொன்னது. வெள்ளைப் பணியாரம் சிவந்துபோய் எண்ணெய் குடித்த வீடியோ ஒன்று அனுப்பினாய் அல்லவா, அந்தப் பெண் மாவை ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டிருக்கிறாளாம். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கும்வரை போட வேண்டும். உளுந்துக்குத் தனி அளவு கிடையாது. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் துளி சீனியும் கொஞ்சம் பாலும் விட்டு உடனே சுட வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் நடுவில் ஒரு கரண்டி மாவு, ஒவ்வொன்றாக. எழும்பி வந்ததும் திருப்பிவிட்டு, சிவக்குமுன் எடுத்துவிடு. தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல் டப்பாவில் வைத்திருக்கிறாளாம், அங்கே உன் ஊருக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறோம்.