அம்மா தனிய இல்ல எண்டு சொன்ன நேர்ஸ் மிஸ்சுக்கும் மற்ற எல்லாருக்கும்

வணக்கம். இந்த ஆவணியோட அம்மா போய் நாலு வருஷம். திவசம் முடிஞ்சு வந்தாக்கள் எல்லாரும் போனாப்பிறகு சமைச்ச பாத்திரம் எல்லாம் கழுவி கவிட்டு வச்சிட்டு இருந்து எழுதிறன். கனகாலமா எழுதோணும் எழுதோணும் எண்டு தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது இது, ஏனெண்டா நன்றி சொல்லோணும் எண்டா என்ன நடந்தது எண்டும் சொல்லோணும், அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. இப்ப வருது.

2021 ஆவணி, கொரோனாட டெல்டா அலை உச்சத்தில நிண்ட நேரம். அம்மாவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டதுதான், அதுக்கு மேல எங்களை உள்ள விடேல்ல. மூண்டு இரவு ஃபோனை கையில வச்சுக்கொண்டு முழிச்சிருந்தனான். நாலாவது இரவு கண் எரியுது, ஒரு மணித்தியாலம் படுப்பம் எண்டு ஃபோனை சைலன்ட்ல போட்டிட்டு படுத்தனான், எழும்பேக்க விடிஞ்சு ஆறு மணி. பதினொரு மிஸ்ட் கோல். எல்லாம் அம்மாட நம்பர், இரவு ஒண்டரையில இருந்து ரெண்டு பத்து வரைக்கும். பிறகு பெட்டியை சீல் வச்சிட்டினம், முகம் பார்க்க விடேல்ல, சாம்பல்தான் கைக்கு வந்தது.

அதுக்குப் பிறகு வேலைக்குப் போனனான், கணக்கெல்லாம் சரியா முடிச்சுக் குடுத்தனான், ஆக்களோட சிரிச்சுக் கதைச்சனான், ஆனா உள்ளுக்க அந்த பதினொரு கோலும் அடிச்சுக்கொண்டே இருந்தது. இரவு ஒண்டரைக்கு அலாரம் வச்ச மாதிரி முழிப்பு வரும், நெஞ்சு இறுகும். டொரொன்டோவில இருக்கிற அண்ணாவோட கதைக்கிறதையே நிப்பாட்டிட்டன், அவர் என்னைக் குற்றம் சொல்ல முதல் நான் அவரைக் குற்றம் சொல்லோணும் எண்ட மாதிரி ஒரு பைத்தியக் கோபம்.

ஒரு நாள் யாரோ சொல்லி, ஒரு ஹோட்டல் ஹோல்ல மூண்டு நாளில விழிப்பு நிலை எண்டு நடத்தின வகுப்புக்கு அரை மாசச் சம்பளம் கட்டிப் போனனான். மூண்டாம் நாள் எல்லாரும் அழுதினம், நானும் அழுதனான், வீட்ட வந்தா அதே ஒண்டரை மணி. அங்க ஒரு ஆள் டொக்டர் தந்த குளிசையையும் நிப்பாட்டச் சொன்னவர், அதையும் கேட்டு நிப்பாட்டி ரெண்டு கிழமை நான் பட்ட பாடு வேற. துக்கத்தில இருக்கிற ஆளிட்ட இப்பிடி விலை பேசுறது பாவம், அதை மட்டும் இதில சொல்லிட்டு விடுறன்.

முதல் நன்றி அந்த டொக்டருக்கு. திரும்பிப் போய் நிக்கேக்க ஒரு சொல்லு ஏசேல்ல. "தியானம் செய்யுங்கோ, கோயிலுக்குப் போங்கோ, எல்லாம் நல்லது, ஆனா குளிசையை நான் சொல்லாம நிப்பாட்டாதீங்கோ, ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரி இல்ல" எண்டு சொன்னவர். அவர் திரும்ப நித்திரையைத் தந்திராட்டி பிறகு நடந்த ஒண்டும் நடந்திராது.

அடுத்தது எங்கட ஃபிளாட் நாலாம் மாடி அங்கிள். 2022 பங்குனிக் கடைசியில பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினது ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். கொழும்பில எங்கட வெள்ளவத்தையே இருட்டு, லிஃப்ட் இல்ல, வீட்டுக்குள்ள அவிச்சல், எல்லாரும் படியில வந்து குந்தியிருந்தம். அங்கிள் ஒரு மெழுகுதிரியோட மூண்டாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில இருந்தவர், என்னை இருக்கச் சொல்லி கையில ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி தந்து ஃபிளாஸ்க்கில இருந்து பிளேன்டீ ஊத்தித் தந்தவர். ஒண்டும் கேக்கேல்ல. நாலஞ்சு நாள் இப்பிடியே போச்சு, ஆறாவது நாள் நானே சொல்லிப்போட்டன்.

அங்கிள் கொழும்புத்துறைக்காரர், எங்கட கொழும்பு இல்ல, யாழ்ப்பாணத்து கொழும்புத்துறை. சின்னப் பிள்ளையா இருக்கேக்க அவர்ட அப்பா அவரை அங்க இருந்த சித்தர் யோகர் சுவாமிட கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போறவராம். சுவாமி 1964இல சமாதியாகேக்க இவருக்கு இருபது வயசு கூட இல்ல. அந்தப் படியில இருந்து முதன்முதலா எனக்கு அவர் சொன்னது சுவாமிட வாக்குத்தான், "எப்பவோ முடிந்த காரியம்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. என்ட அம்மா செத்தது எப்பவோ முடிஞ்ச காரியமோ எண்டு கேட்டிட்டு எழும்பி வந்திட்டன். அங்கிள் பின்னால வரேல்ல, விளக்கம் சொல்லேல்ல, அடுத்த நாள் அதே படியில அதே ஃபிளாஸ்க்கோட இருந்தவர். இப்ப யோசிச்சா அந்த விளக்கம் சொல்லாம விட்டதுக்குத்தான் அவருக்குப் பெரிய நன்றி சொல்லோணும்.

கன மாசத்துக்குப் பிறகு ஒரு நாள் நானே ஆணவம் எண்டா என்ன அங்கிள் எண்டு கேட்டனான், பள்ளிக்கூடத்தில சமய பாடத்தில ஆணவம் கன்மம் மாயை எண்டு உயிரைக் கட்டி வச்சிருக்கிற மூண்டு மலத்தையும் பாடமாக்கி எழுதினதுதான், பெருமை அடிக்கிறதுதான் ஆணவம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். அங்கிள் கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு சொன்னவர், "பிள்ளை, ஃபோனை எடுத்திருந்தா அம்மாவைக் காப்பாத்தியிருப்பன் எண்டு நினைக்கிறாய் எல்லோ, டொக்டர்மாராலயே ஏலாமப் போனதை நான் செய்திருப்பன் எண்டு. அந்த நான் எவ்வளவு பெரிசு எண்டு பார். உன்னை அடிக்கிறதும் அதுதான், அடி வாங்கிறதும் அதுதான்." அவர் அதைச் சொல்லேக்க என்ட முகத்தைப் பார்க்கேல்ல, மெழுகுதிரியைத்தான் பார்த்தவர். எனக்குச் சுட்டது, ஆனா பொய் எண்டு சொல்ல ஏலேல்ல.

அதுக்குப் பிறகு மேணியோ, பௌத்தப் பெண் துறவியை அப்பிடித்தான் கூப்பிடுறது. என்னோட வேலை செய்யிற சிங்களத் தங்கச்சி ஒரு போயா நாள், பௌர்ணமி, என்னை டெல்கொட பக்கம் ஒரு பாவனா மத்தியஸ்தானத்துக்கு, தியான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவா, வெள்ளை உடுப்பையும் அவாதான் தந்தவா, நான் சைவம் எண்டு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. அங்க சொல்லித் தாறது 1950களில பர்மாவில இருந்து இஞ்ச வந்த முறை, வயித்தைத்தான் பார்க்கோணும், மூச்சு இழுக்கேக்க ஏறுது, விடேக்க இறங்குது, பிம்பெனவா, ஹெகிலெனவா, அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்ல நடக்கிற சக்மன், காலைத் தூக்கிறது வைக்கிறது எல்லாம் தெரிஞ்சு செய்யோணும். மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு இல்ல, பின்னேரம் கிலன்பச எண்டு ஒரு பானம் குடிக்கத் தருவினம். கேக்க லேசு. முதல் நாள் எனக்கு பத்து நிமிஷம் இருக்க ஏலேல்ல, பதினொரு கோலும் ஒண்டா அடிச்சது.

மேணியோக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும், காதும் கொஞ்சம் கேக்காது. என்ட அரைகுறைச் சிங்களத்தில எல்லாத்தையும் சொல்லி அழுதனான். அவா புத்தர் சொன்ன ரெண்டு அம்புக் கதையைச் சொன்னவா. ஒருத்தனுக்கு ஒரு அம்பு பட்டா வலிக்கும், அது எல்லாருக்கும்தான், ஞானிக்கும்தான். ஆனா நாங்க ஐயோ எனக்கேன் பட்டது, நான் ஏன் அங்க நிண்டனான் எண்டு அழுது புலம்பி அதே இடத்தில ரெண்டாவது அம்பை வாங்கிறம், அதை விடுறதுக்குத்தான் இந்தப் பயிற்சி. "துவே, அம்மா போனது முதல் அம்பு. அது வலிக்கட்டும். சைலன்ட், சைலன்ட் எண்டு ஒவ்வொரு இரவும் குத்திறியே, அது யார் விடுற அம்பு?" அவா துக்க எண்டு சொல்லேக்க எங்கட துக்கம் எண்ட சொல்லுத்தான் காதில விழுந்தது. ஆணவம் எண்டு அங்கிள் காட்டினதையும் அம்பு எண்டு மேணியோ காட்டினதையும் நான் ஒண்டு எண்டு சொல்ல வரேல்ல, சைவத்தில உயிர் எண்டு ஒண்டு இருக்கு, பௌத்தத்தில ஆன்மாவே இல்ல எண்டு சொல்லுவினம், அது பெரியாக்கள் வாதாடுற விஷயம். எனக்கு ரெண்டு பேரும் ஒரே புண்ணைத்தான் தொட்டுக் காட்டினவை.

குளிசையைப் பற்றியும் மேணியோவிட்ட கேட்டனான். காய்ச்சலுக்கு மருந்து எடுக்கிறம்தானே, எடு எண்டவா. வெளிக்கிடேக்க தலையில கை வச்சு ஒரே ஒரு வசனம், "பலன்ன துவே, ஏகத் யனவா." பார் மகள், அதுவும் போகும்.

அது போறதை நான் கண்டது தியான மண்டபத்தில இல்ல, என்ட குசினியில. 2023 தை மாசம், ஒரு சனிக்கிழமை, பிட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டு இருக்கிறன், அம்மாட பழைய துருவுபலகை, அவா இருந்து இருந்து நடுவில வழுவழு எண்டு இருக்கும். பாதி மூடி துருவேக்க அந்த நினைப்பு வந்தது, நீ சைலன்ட்ல போட்டாய். வழக்கமா அதோட சேர்ந்து நானும் ஓடுவன். அண்டைக்கு என்னவோ பார்த்தன். நெஞ்சு நடுவில இறுகிச்சு, அங்க இருந்து சூடு மாதிரி தொண்டைக்கு ஏறிச்சு, தாடை கடிச்சுது, கை துருவிறதை நிப்பாட்டிச்சு. நான் ஒண்டும் சொல்லேல்ல, சரி எண்டும் சொல்லேல்ல பிழை எண்டும் சொல்லேல்ல. தண்ணிக் குழாய் சொட்டிற சத்தம் கேட்டது, மரைன் டிரைவ் பக்கம் ட்ரெயின் போற சத்தம் கேட்டது. ட்ரெயின் தெகிவளைப் பக்கம் போய் சத்தம் தேய்ஞ்சு முடியேக்க தொண்டை இளகிட்டுது. மிச்ச மூடியையும் துருவி முடிச்சனான். அம்மாவை நினைச்சு அழுதனான்தான், ஆனா அது வேற அழுகை, அதில அம்மா மட்டும்தான் இருந்தவா, நான் இல்ல.

பின்னேரம் அதே நினைப்பு திரும்ப வந்தது. இப்பவும் வரும். விழிப்பு அடைஞ்சிட்டன் எண்டு நான் சொல்லேல்ல, அந்தச் சொல்லுக்கு நான் கிட்டவும் நிக்க ஏலாது. ஆனா ஒருக்கா போறதைக் கண்ணால கண்டிட்டன், இனி அது போகாது எண்டு என்னை ஒருத்தரும் நம்ப வைக்க ஏலாது.

2022 கேஸ் தட்டுப்பாட்டில கேஸ் லைன்ல என்னோட நிண்ட த்ரீவீல் நானாவுக்கும் நன்றி. சிலிண்டரைச் சங்கிலி போட்டு நாள் கணக்கா நிண்டம், ஒருத்தர் இடையில புகுந்து நான் கத்திச் சண்டை பிடிச்சு நடுங்கேக்க, "சபூர் செய்யுங்க தங்கச்சி, கேஸ் வரும், வராட்டி நாளைக்கு வரும்" எண்டு சொல்லி என்ட சிலிண்டரையும் தன்ட இடத்தில வச்சு என்னை நிழலில இருக்க விட்டவர். அவர் வெயிலில பெட்ரோலுக்கும் ரெண்டு இரவு நிண்ட மனிசன். பொறுமையைப் பற்றி நான் கேட்ட பேச்சு எல்லாத்தையும் விட அந்த நிழல் எனக்கு உதவிச்சு. கோயிலில எனக்காக தினமும் ஒரு செவ்வரத்தம் பூ எடுத்து வச்சிருந்து தந்த ஆச்சிக்கும் நன்றி, அவா இப்ப இல்ல.

அண்ணா, உங்களுக்கும்தான். ரெண்டு வருஷம் ஃபோன் எடுக்காத தங்கச்சிக்கு ஒவ்வொரு ஞாயிறும் கோல் எடுத்தீங்க. நான் ஒரு நாள் எடுத்தாப்பிறகு நீங்க கேட்ட முதல் கேள்வி "சாப்பிட்டியா" எண்டுதான். நான் மன்னிப்பு கேக்க முதல் நீங்க அழுதிட்டீங்க. வர ஏலாம அங்க அடைபட்டுக் கிடந்து அம்மாட சாம்பலை வீடியோவில பார்த்த உங்கட வலியை நான் ஒரு நாளும் நினைச்சுப் பார்க்கேல்ல.

கடைசியா, பேர் தெரியாத அந்த நேர்ஸ் மிஸ்சுக்கு. அம்மாட சாமான் எடுக்க வரேக்க ஒரு பொலித்தீன் பையில சீலை, கண்ணாடி, ஃபோன் எல்லாம் போட்டுத் தந்தீங்க. மாஸ்க்கும் ஷீல்டும் போட்டிருந்தீங்க, முகம் தெரியேல்ல, கண் சிவந்திருந்தது மட்டும் ஞாபகம். உங்களுக்குத் தெரிஞ்ச தமிழில, "அம்மா தனிய இல்ல. நான் இருந்தது. தண்ணி கேட்டது, நான் குடுத்தது. முருகா முருகா சொன்னது" எண்டு சொன்னீங்க. நான் பையை வாங்கிக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாம திரும்பி நடந்திட்டன். அண்டைக்கு அது என்ட காதில விழவே இல்ல, அந்தத் தேங்காய் துருவின நாளுக்குப் பிறகுதான் ஒரு இரவு உங்கட குரலில அப்பிடியே திரும்பக் கேட்டது.

எங்கட ஆக்களில கடைசித் தண்ணி பிள்ளைதான் குடுக்கிறது, மிஸ். எனக்குப் பதிலா நீங்க குடுத்தீங்க. நன்றி.