நர்சிசா ஓவனின் நினைவுக் குறிப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒன்றான செரோக்கி இனத்துப் பெண்மணி நர்சிசா ஓவன் 1907-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அந்நூலை இலக்கியமாகப் பாராட்டிவிட்டு, வரலாற்றுச் சான்றாக அது தேறாது என்று ஒதுக்கியிருந்தது. இதில் எனக்கு உடன்பாடில்லை.

அவர் பிறந்தது 1831-இல். தந்தை தாமஸ் சிஸம், செரோக்கியரை அமெரிக்க அரசு கிழக்கிலிருந்த தாய்நிலத்திலிருந்து மேற்கே விரட்டிய கட்டாய வெளியேற்றத்துக்கு முன்பே மேற்கே குடியேறிவிட்ட செரோக்கியரின் தலைவர்களுள் ஒருவர். ஆகவே, சுமார் 4,000 பேர் மாண்டதாகச் சொல்லப்படும் 1838-39-ஆம் ஆண்டுகளின் அந்த வெளியேற்றப் பயணமான 'கண்ணீர்த் தடத்தை' நடந்து கடந்தவரின் வாக்குமூலத்தை இந்நூலில் தேடுவது பொருந்தாது. வர்ஜீனியாவில் ரயில்வே நிறுவனத் தலைவர் ஒருவரை மணந்து, லிஞ்ச்பர்க் நகரின் செல்வர் வீட்டில் அமெரிக்க உள்நாட்டுப் போரைக் கண்டு, கணவர் மறைந்தபின் சொந்த மக்களிடம் திரும்பி, செரோக்கிப் பெண்கள் செமினரி என்ற உயர்நிலைப் பள்ளியில் இசை கற்பித்த ஒருவர், தம் வாழ்க்கையை எப்படி அடுக்கிக் காட்ட விரும்பினார் என்பதே இதில் கிடைக்கிறது.

நூல் வெளிவந்த ஆண்டையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் 1898-ஆம் ஆண்டுக் கர்ட்டிஸ் சட்டம் செரோக்கியரின் நீதிமன்றங்களை ஒழித்தது. 1907 நவம்பரில் அவர்கள் நிலம் ஓக்லஹோமா மாநிலத்துக்குள் அடங்கியது. அம்மாநிலத்தின் முதல் செனட்டர்கள் இருவரில் ஒருவர் நர்சிசாவின் மகன் ராபர்ட். செரோக்கி நாடு கரைந்த ஆண்டிலேயே மகன் உயர்கிறார். குலப்பெருமை பேசும் பக்கங்களைக் கட்டுரையாளர் வெறும் தற்பெருமை என்கிறார்; இந்தப் பின்னணியில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஓவியரான அவர், 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்பியவை முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெபர்சன், அவர் வழித்தோன்றல்கள் ஆகியோரின் உருவப்படங்கள். கிழக்கிலிருந்த பழங்குடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்பும் யோசனையை 1803-லேயே எழுதிவைத்தவர் அதே ஜெபர்சன்!

அடிமைகள் குறித்த பகுதிகளில்தான் எச்சரிக்கை தேவை. எஜமானியின் கனிவு அடிமைகளின் வாழ்வுக்குச் சாட்சியாகாது. ஆனால் அடிமைகளை வைத்திருந்த செரோக்கிக் குடும்பங்களின் மனப்போக்குக்கு அதைவிட நேரான சான்று அரிது.

தேதிகளையும் வம்சாவளியையும் ஆவணங்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்று கட்டுரையாளர் சொல்வது சரியே. ஆனால் பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனியே பங்கிடுவதற்காகப் பெயர்ப்பட்டியல் எடுத்த அக்காலத்து டாவ்ஸ் ஆணையத்தின் பதிவேட்டைப் புரட்டினால், ஒரு செரோக்கிப் பெண்ணைப் பற்றி அங்கே இருப்பவை பெயர், வயது, பின்னமாகக் குறித்த செரோக்கி இரத்த விகிதம், ஓர் அட்டை எண் போன்றவைதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்