மிருதங்கத் தேர்வு அறைக்குள் ஒரு பாடகரை அழையுங்கள்

புலம்பெயர் நாடுகளில் கர்நாடக இசைத் தேர்வுகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் மிருதங்கம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு, தேர்வில் மிக உயர்ந்த புள்ளி எடுத்த என் மாணவி ஒருத்தி, கலைவிழாவில் தன் வயதுப் பிள்ளையின் பாட்டுக்கு வாசிக்க உட்கார்ந்தாள். ஆதி தாளக் கீர்த்தனை. எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம், அரை இடம் தள்ளி இருந்தது. பாடியவள் ஒரு சங்கதியை, ஒரே வரியை மாற்றிப் பாடும் வகையை, இன்னொரு முறை பாடிவிட்டாள். என் மாணவியோ பழகிய கணக்கின்படி தீர்மானம் என்னும் முடிப்புச் சொற்கட்டை வைத்து முடித்துவிட்டாள். அதன்பின் பாட்டு ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். "சேர், அவர் பாடியது நான் பழகிய பாட்டு இல்லை" என்று பின்னர் அழுதாள்.

அவளில் பிழை இல்லை. ஏழு ஆண்டுகளில் ஒருநாள்கூட நான் அவளைப் பாடுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்திப் பழக்கவில்லை. உங்கள் பாடத்திட்டமும் அதைக் கேட்கவில்லை. தாளத்தின் ஐந்து சாதிகளிலும் பாடம், மோரா, கோர்வை என்னும் முடிப்புக் கணக்குகள், மிஸ்ர சாப்புத் தாளத்தில் தனி ஆவர்த்தனம் என்னும் தனி வாசிப்பு, எழுத்துத் தேர்வில் தாளத்தின் பத்து அங்கங்களான தசப்பிராணங்கள்: எல்லாவற்றையும் அவள் ஒப்பித்தாள். ஆனால் நாம் பழக்குவது பக்கவாத்தியம். பக்கத்தில் ஒருவர் பாடாமல் அதை எப்படிப் பரீட்சிப்பது?

யாழ்ப்பாணத்தில், ஊரில், இதற்குத் தனிப் பாடம் தேவைப்படவில்லை. அளவெட்டியிலும் இணுவிலிலும் தவில் பழகிய பிள்ளைகள், கோயில் திருவிழா இரவுகளில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் தாளம் போட்டபடி விடியும்வரை இருந்தார்கள். எந்த இடத்தில் கையை அடக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்பது கேட்டுக் கேட்டே அவர்களுக்குள் இறங்கியது. இங்கே அந்த இரவுகள் இல்லை. வாரத்துக்கு ஒரு மணித்தியால வகுப்பு, பனியில் கார் ஓட்டிக் கூட்டிவரும் பெற்றோர், சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு வகுப்பு, இந்தப் பக்கம் மிருதங்கம். அந்தச் சுவரைத் தாண்டிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்பதே இல்லை. அரங்கேற்றம் வந்தால் சென்னையிலிருந்து பாடகர் வருகிறார்; அதற்கும் முன்கூட்டியே பட்டியலிட்ட பாட்டுகள், மாதக்கணக்கில் ஒத்திகை.

எங்கள் நகரிலேயே மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன் அவர்கள் இருக்கிறார். 1971 முதல் யோர்க் பல்கலைக்கழகத்தில் இக்கலையைக் கற்பித்தவர். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்ற அவர், 13 வயதில் பாடகர்களான ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் குருவோடு சேர்ந்து வாசித்து அரங்கேறியவர். பாட்டோடு தொடங்கிய கை அது. தனி ஆவர்த்தனத்தின் கணக்குகளைப் பார்த்து வியக்கும் நம் பெற்றோருக்கு, இந்தத் தொடக்கத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சுருதியும் இதில் சேர்ந்ததுதான். குளிர்காலத்தில் வீட்டு வெப்பமூட்டி தோலை உலர்த்த, வலந்தலையின், அதாவது வலக்கைப் பக்கத் தோலின், சுருதி ஏறிவிடுகிறது. நாங்களே கல்லும் கட்டையும் கொண்டு தட்டிச் சேர்த்துக் கொடுக்கிறோம்; பிள்ளை வாங்கி வாசிக்கிறது. பாடுகிறவரின் சுருதி ஐந்து கட்டையா ஐந்தரையா என்று கேட்டுத் தானே சேர்க்கத் தெரிந்த மாணவர் என்னிடமே மூவர்தான்.

ஆகவே நான் கேட்பது இது. நடுத்தரத் தேர்விலிருந்தேனும், ஒருவர் பாட, முன்கூட்டிச் சொல்லாத ஒரு பாட்டுக்கு மாணவர் வாசிக்க வேண்டும். அதற்கு முன் அந்தக் குரலின் சுருதிக்கு மிருதங்கத்தைத் தாமே சேர்க்க வேண்டும். மொத்தப் புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்காவது இதற்குக் கொடுங்கள். பாடகருக்கு எங்கே போவது என்பீர்கள். அதே நாளில் வாய்ப்பாட்டுத் தேர்வு எழுத வந்த பிள்ளைகள் வெளியே நடைவழியில் காத்திருக்கிறார்கள்! அவர்களை உள்ளே கூப்பிடுங்கள். நேரம் போதாவிட்டால் எழுத்துத் தேர்வைக் குறையுங்கள். தசப்பிராணங்களைப் பிறகும் படித்துக்கொள்ளலாம்.

இந்தப் புரட்டாதியிலிருந்து என் மாணவர்கள் பாட்டு வகுப்பு அறைக்குள்ளேயே உட்காருகிறார்கள். கலைவிழாவில் அழுத அந்தப் பிள்ளையும் வருகிறாள். இடம் தவறினால் இப்போது கையை எடுத்துவிடுகிறாள். தொடையில் தாளம் போட்டு ஓர் ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு சுற்று, கேட்கிறாள். எடுப்பைப் பிடித்து மறுபடி சேர்ந்துகொள்கிறாள். அதற்குப் புள்ளி போட உங்கள் தாளில் ஓர் இடம் வையுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோ மிருதங்க ஆசிரியர் ஒருவர்