பூனை இருக்கும் வீடுகளுக்கு ஒரு அறிவிப்பு

பெரம்பூர், வியாசர்பாடி மாடித்தோட்ட நண்பர்களே, பூனை உலாவும் மாடியில் அரளி வேண்டாம். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். அதைவிடக் கெட்டது லில்லி. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோ போதும், சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். யாராவது பூங்கொத்தில் கொடுத்தாலும் வாசலோடு நிறுத்திவிடுங்கள். செங்காந்தள் கிழங்கும் ஆபத்துதான். மணி பிளான்ட் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். பெரும்பாலும் அதோடு சரி. மல்லிகை, ரோஜாவுக்குப் பயமில்லை.

தின்றுவிட்டதா? உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செடியைப் போட்டோ எடுத்துக்கொண்டு உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், வெட்டிய அரளியைத் தெருவோரம் போட வேண்டாம். மாடும் ஆடும் மேயும்.